எழுதப் பழகும் சிறு கை

குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் நாளைச் சிறப்பாகக் கொண்டாடும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. வங்காளத்தில் சரஸ்வதி பூஜையன்று ‘ஹாதேகொரி’ என்னும் சடங்கு நடைபெறுகிறது; கையில் சுண்ணக்கட்டி என்பது அச்சொல்லின் பொருள். கேரளத்தில் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் எழுதுவிப்பர். விழா ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கை எழுதப் பழகுவதற்கோ பல ஆண்டுகள் ஆகின்றன. இதனை உணராத பெற்றோர், அடுத்த வாரமே பக்கம் பக்கமாக எழுதும்படி குழந்தையை வற்புறுத்துகின்றனர். கோடு கோணுகிறது, குழந்தை அழுகிறது, ‘சோம்பேறி’ என்ற பெயரும் வந்து சேருகிறது. உண்மையில் குறை குழந்தையிடம் இல்லை. காலத்திற்கு முந்திய அவசரத்தில்தான் உள்ளது.

கையின் வளர்ச்சி

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. பின்னர் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கி, கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ 8 முதல் 12 வயது ஆகிவிடுகிறது. தசைகளை அடக்கியாளும் திறனும் இவ்வாறே படிப்படியாக வருகிறது. முதலில் தோளும் முழங்கையும், பின்னர் மணிக்கட்டும், இறுதியில் விரல் நுனிகளும் வசப்படுகின்றன. ஆகவேதான் சிறு குழந்தை கை முழுவதையும் அசைத்துப் பெரிதாகக் கிறுக்குகிறது. அக்கிறுக்கலே எழுத்துக்கு முதற்படி.

பொதுவாக 3 வயதில் குழந்தை வட்டத்தைப் பார்த்து வரையும். 4 வயதில் கூட்டல் குறியையும், 5 வயதை ஒட்டிச் சதுரத்தையும், அதன் பின்னர் முக்கோணத்தையும் வரையும். குழந்தைக்குக் குழந்தை இதில் வேறுபாடு உண்டு. எனினும், சாய்கோடு பிந்தியே வருகிறது என்பதை ஆசிரியர் நினைவிற் கொள்ளவேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றாலும் பென்சிலைப் பிடித்து எளிதாக அசைக்கும் ஆற்றல் பெரும்பாலோரிடம் 5 அல்லது 6 வயதில்தான் நிலைபெறுகிறது.

பலகை தந்த பயிற்சி

வட இந்தியப் பள்ளிகளில் ‘தக்தி’ என்னும் மரப்பலகை நெடுங்காலம் வழங்கியது. பிள்ளைகள் அதனைக் கழுவி, முல்தானி மண்ணைக் குழைத்துப் பூசி, வெயிலில் உலர்த்தி, நாணற் பேனாவால் எழுதினர். தேய்த்தலும் குழைத்தலும் பூசுதலும் விரல்களுக்கு வலுவூட்டும் வேலைகள். அதாவது, எழுதுவதற்கு முன்பே கை பயிற்சி பெற்றுவிட்டது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும், குழந்தைகள் உப்புத்தாளால் அமைந்த எழுத்துக்களை விரலால் தடவிப் பார்த்த பின்னரே எழுதலாயினர். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே.

வீட்டில் செய்யத்தக்கவை

தாய் எழுதப் படிக்க அறியாதவராயினும் உதவி செய்ய இயலும். மாவு பிசைதல், பட்டாணி உரித்தல், தானியத்தில் கல் பொறுக்குதல், மணி கோத்தல் ஆகியவற்றில் குழந்தையையும் சேர்த்துக்கொண்டால் போதும். மகாராஷ்டிரத்து ரங்கோலியும், வங்காளத்து அல்பனாவும், தமிழகத்துக் கோலமும் கோட்டையும் வளைவையும் விரலுக்குக் கற்பிப்பனவே.

அடுத்து, மணலிலும் சிலேட்டிலும் பெரிய கோடுகள் போடலாம். சிறு துண்டுப் பலப்பம் மிகவும் ஏற்றது. அதனை விரல் நுனிகளாலன்றிப் பிடிக்க முடியாது. எழுத்துக்களை அகர வரிசையில் தொடங்கவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. தமிழில் ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. ‘அ’, ‘இ’ ஆகியவையோ பல வளைவுகள் கொண்டவை. எளியவற்றை முன்னும் அரியவற்றைப் பின்னும் வைப்பதே முறை.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதுமானது. ஒரு பக்கம் நிரப்பச் செய்வதைவிட, ஐந்து எழுத்துக்களைக் கவனத்துடன் எழுதச் செய்து, அவற்றுள் சிறந்தது எது என்று குழந்தையையே கேட்பது நன்று. குழந்தையின் கையை இறுகப் பிடித்து இழுத்தலாகாது.

புள்ளிகளின் மேல் எழுதுவிப்பது தொடக்கத்திற்கு மட்டுமே உதவும். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் ஆகியோர் படிக்கத் தொடங்காத, ஏறத்தாழ ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். எழுத்துக்களைத் தாமாகவே எழுதிப் பழகிய பின்னர் அவற்றைப் பார்த்தபோது, படிப்பதற்குப் பயன்படும் மூளைப் பகுதிகள் செயற்பட்டன. தட்டச்சு செய்தபோதும், புள்ளிகளின் மேல் வரைந்தபோதும் இவ்விளைவு அவ்வாறு காணப்படவில்லை. கோணலாயினும், தானே எழுதும் எழுத்தே படிப்புக்குத் துணை செய்கிறது.

இடக்கைக் குழந்தைகள்

மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கமுடையவர். இது நோயன்று, தீய வழக்கமும் அன்று. அக்கையைக் கட்டிப்போடுவதும் அடிப்பதும் பயனற்ற கொடுமை. வலக்கையால் எழுதுபவர் தாளின் மேற்புறத்தைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து வைக்கவேண்டும். இடக்கையால் எழுதுபவர் வலப்பக்கம் சாய்த்து வைக்கவேண்டும். இடக்கைக் குழந்தை பென்சிலைச் சிறிது மேலே பிடித்தால், எழுதியது கண்ணுக்குத் தெரியும், கைபட்டு அழியாது. எழுதும் கையின் நிழல் தாளில் விழாதவாறு வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருதல் நலம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

தொடக்கத்தில் எழுத்தைக் கண்ணாடியில் தோன்றுவதுபோல் திருப்பி எழுதுவது இயல்பு. 7 வயதிற்குப் பின்னரும் அது நீடித்தாலும், எழுதும்போது கை வலித்தாலும், வாயால் நன்கு சொல்வதை எழுத இயலாது திணறினாலும், முதலில் கண் பார்வையைச் சோதிக்கவேண்டும். 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், 18 வயது வரையுள்ள பிள்ளைகளின் குறைபாடுகள் சோதிக்கப்படுகின்றன. எழுதுவதில் ஏற்படும் தனிப்பட்ட இடர்ப்பாட்டை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கற்றல் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. எனவே அத்தகைய குழந்தைக்கு வேண்டுவது உதவியேயன்றித் தண்டனையன்று.

கிராமங்களில் பணியாற்றும் ஊழியர், வீடுகளுக்குச் செல்லும்போது நோட்டுப் புத்தகத்தை மட்டும் பார்த்து மதிப்பிடலாகாது. குழந்தையின் விரல்கள் செய்யும் வேலையையும் கண்டறிதல் வேண்டும். தாய்க்குப் பக்கத்தில் அமர்ந்து பட்டாணி உரிக்கும் குழந்தை, எழுத்துப் பயிற்சியை ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்பதைத் தாய்க்கு எடுத்துச் சொன்னால், அவருடைய அச்சமும் குழந்தையின் அழுகையும் ஒருங்கே குறையும்.