கையோடு வரவேண்டிய குறிப்பு

மருத்துவரைப் பார்த்துத் திரும்பும் நோயாளியிடம், கண்டறியப்பட்ட நோய், மாற்றப்பட்ட மருந்து, செய்ய வேண்டிய பரிசோதனை, மறுபடி வரவேண்டிய நாள் ஆகியவற்றை எழுதிக் கொடுக்கும் தாளே சிகிச்சைச் சுருக்கம். மருத்துவத் தகவல்களில் 40 முதல் 80 விழுக்காடு வரை கேட்டவுடனேயே மறந்துபோகின்றன என்று நெதர்லாந்தின் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதியதைக் கருதினால், இத்தாளும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது விளங்கும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாலாஜாபாத் வட்டாரத்தில் இதன் தேவை இன்னும் கூடுதலானது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் வேலை முடிந்து வேறு ஊருக்குப் போகையில், அவருடைய ரத்த அழுத்தம், சர்க்கரை பற்றிய பதிவுகள் பழைய மருத்துவமனையின் கணினியிலேயே தங்கிவிட்டால், புதிய மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தரவேண்டும் என்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை கூறுகிறது. ஆனால், ஒருநாள் கூலியை இழந்து மறுபடி வந்து கேட்க வேண்டியவருக்கு அந்த உரிமை எட்டாத உரிமையே.

கேட்காமலே கொடுக்கும் கடமையை அமெரிக்கா முயன்று பார்த்தது. மின்னணு மருத்துவப் பதிவுக்கு அரசு ஊக்கத்தொகை பெற விரும்பிய மருத்துவர்கள், பாதிக்கும் மேற்பட்ட வருகைகளுக்கு மூன்று வேலை நாட்களுக்குள் சுருக்கம் தரவேண்டும் என்று 2011 முதல் விதிக்கப்பட்டு, பின்னர் அக்கெடு ஒரு வேலை நாளாகக் குறைக்கப்பட்டது. 2015இல் அந்தத் தனி அளவுகோலே நீக்கப்பட்டது. எத்தனை தாள் கொடுக்கப்பட்டது என்று எண்ணும் விதியால், அத்தாள் நோயாளிக்குப் புரிந்ததா என்பதை அறிய முடியாது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், பதிவிலுள்ள தகவல் நோயாளிக்கே உரியது என்றும், மருத்துவமனை அவர் சார்பில் அதைக் காத்து வைத்திருக்கிறது என்றும் தெளிவாகச் சொல்கின்றன. 2021 செப்டம்பரில் நாடெங்கும் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில், ‘ஆபா’ என்னும் 14 இலக்கச் சுகாதாரக் கணக்கு எண் கொண்ட ஒருவர் ஒப்புதல் அளித்தால், ஒரு மருத்துவமனையின் பதிவை மற்றொன்று பெறலாம். நோய்களை ‘ஸ்னோமெட் சி.டி.’ என்னும் பன்னாட்டுக் குறியீட்டு எண்களால் பதியவும் 2016ஆம் ஆண்டுத் தரநிலைகள் வழிசெய்கின்றன. அந்த எண் எந்த மொழியையும் சாராதது. எனவே, நோய்ப் பெயர்களையும் வழக்கமான அறிவுரைகளையும் ஒருமுறை மொழிபெயர்த்து வைத்துவிட்டால், அதே பதிவைத் தமிழிலோ இந்தியிலோ ஒடியாவிலோ அச்சிடலாம். மருத்துவமனைகள் மென்பொருள் வாங்கும்போதே இவ்வசதியை ஒப்பந்தத்தில் கேட்டு எழுத வேண்டும்; செல்பேசியில் மட்டும் அனுப்பாமல், நோயாளி வாசலைத் தாண்டுமுன் ஒரு பக்கத் தாளாகவும் கொடுக்க வேண்டும்.