பருவமும் பயிற்சியும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் உழவர் பல் போடாத கன்றை நுகத்தில் பூட்டுவதில்லை. எலும்பு முற்றாத கன்று பாரம் தாங்காது என்பதை அவர் அறிவார். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கற்பிப்போருள் சிலரோ இதனை மறந்துவிடுகின்றனர்.

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995இல் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து மோதியதால் அவர்தம் வலக்கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. பள்ளியில் அவர் முதலில் ஆடியது கைப்பந்து. அவர் தாவும் திறத்தைக் கண்டு உயரம் தாண்டுதலில் புகுத்தியவர் உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில் உடற்குறையில்லாத மாணவரோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். பயிற்சியாளர் சத்தியநாராயணா அவரைக் கண்டெடுத்தபோது வயது 18. பெங்களூரில் கடும்பயிற்சி தொடங்கியது அதன் பின்னரே. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். 2021இல் டோக்கியோவில் வெள்ளியும், 2024இல் பாரிசில் வெண்கலமும் பெற்றார். முதலில் ஆட்டம், பிறகே கடும்பயிற்சி என்னும் இவ்வரிசை கருதத்தக்கது.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் குருத்தெலும்பு உண்டு. நீளவளர்ச்சி அங்கேதான் நிகழ்கின்றது. ஓயாமல் குதிக்கச் செய்தால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே நோவும் வீக்கமும் தோன்றும். அணியினின்று நீக்கிவிடுவரோ என்றஞ்சி அந்நோவை மறைக்கும் பிள்ளைகளும் உளர். ஆகவே பத்து வயது வரை ஓட்டமும் தாவலும் விளையாட்டாகவே அமைதல் நன்று. ஊர்ப்பிள்ளைகளின் பச்சைக்குதிரையே சிறந்த பயிற்சி. குனிபவன் படிப்படியாக நிமிர, தாண்டுபவனும் படிப்படியாக உயர்கின்றான். அதன்பின், கால்களைக் கத்தரிபோல் வீசித் தாண்டி, காலூன்றி இறங்கும் முறையைக் கற்பிக்கலாம். இதற்கு மணற்குழி போதும். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான பாஸ்பரி புகழ்பெறச் செய்த, முதுகுப்புறமாய்த் தாண்டும் முறைக்குத் தடித்த பஞ்சுமெத்தை இன்றியமையாதது. மெத்தையில்லாப் பள்ளியில் அதனை முயலுதல் கழுத்துக்கே கேடு.

பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பிள்ளைகள் பலர் திடீரென்று நெடிதுயர்வர். கைகால் நீண்டதும் பழகிய அடிக்கணக்குப் பிழைபடும். சென்ற ஆண்டு எளிதாய்த் தாண்டிய உயரத்தில் இவ்வாண்டு கம்பைத் தட்டிவிடுவர். இதனைச் சோம்பல் என்று கடிந்ததனால் களத்தை விட்டே அகன்ற சிறுவர் எத்தனை பேரோ! கம்பைச் சிறிது தாழ்த்தி, ஓட்டத்தின் அடிகளை மீண்டும் அளந்து, பழைய சுண்ணாம்புக் குறியை அழித்துப் புதிய குறியிட்டுத் தருதலே அப்போது ஆசிரியர் செய்யத்தக்கது.