டாமான்சாரா குப்பை கலைக்கூடம் ஏறிய கதை

பள்ளி விடுமுறை வந்தால் பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்புகளில் வண்ணக் காகிதத்தை இலையாகவும் பூவாகவும் வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். இந்தக் கலைக்குப் பெரிய பரம்பரையே உண்டு. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ், 1941-இல் செய்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் நின்று வரைய முடியாமல் கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த தாள்களை இலைகளாக வெட்டி, அறைச் சுவரையே தோட்டமாக்கினார்.

ஆனால், இயற்கையை ஒட்டுச் சித்திரமாக்கியவர் யார் என்று கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் நம் நாட்டு ஓவியர் நிர்மலா தத் சண்முகலிங்கம். 1941-இல் பினாங்கில் பிறந்தவர், 2016-இல் மறைந்தார்.

1973-இல் தேசியக் கலைக்கூடம் ‘மனிதனும் அவன் உலகமும்’ என்ற தலைப்பில் போட்டி நடத்தியது. அதற்கு நிர்மலா கொடுத்த படைப்பின் பெயர் ‘அறிக்கை 1’. டாமான்சாரா வட்டாரத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடங்களைப் படமெடுத்தார். அந்தப் புகைப்படங்களோடு, அங்கே பொறுக்கிய குப்பையையும் கலைக்கூடத்திற்கே கொண்டுவந்து வைத்தார். முதன்மைப் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவரானார்.

“குப்பையை வைத்தால் கலையா?” என்று இன்றும் சிலர் கேட்கக்கூடும். தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன குப்பையை, கலைக்கூடத்தில் நின்று பார்க்க வைத்தாரே, அதுதான் கலையின் வேலை என்பேன். பிறகும் அவர் நாளிதழ்ப் படங்களை எடுத்துத் தம் ஓவியங்களில் பதித்தார். காடழிப்பையும் சரவாக்கின் பாக்குன் அணையையும் பற்றிப் பேசினார். மறுநாள் பழைய தாளாகிவிடும் செய்தி, அவர் கையில் நிலைத்து நின்றது.

அந்தப் படைப்புக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ஓரம் ஓடும் கிள்ளான் ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் அது இன்னும் பழையதாகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 2019-இல், ஆறு கடலில் சேருமுன் குப்பையை வாரி எடுக்க, நெதர்லாந்தைச் சேர்ந்த ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பின் இயந்திரம் கிள்ளானுக்கு வர வேண்டியிருந்தது. நாம் போட்டதைத்தான் அது அள்ளுகிறது.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகள் இலையும் பூவும் வெட்டட்டும். கூடவே, வீட்டருகில் உள்ள கால்வாயை ஒரு படம் எடுத்து, அதையும் அதே தாளில் ஒட்டச் சொல்லுங்கள். அது ஏன் அப்படிக் கிடக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.