சுவரில் கிறுக்கும் பிள்ளைகளும் ஒரு பாட்டியின் படமும்



சுவரில் கிறுக்குகிற பையன் என்றால் நாம் என்ன சொல்வோம்? "உருப்படாதது, ஊரைச் சுத்திட்டுத் திரியுது" என்போம். அந்தக் கையைப் பிடித்துப் பழக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று இருக்கிறது. 'வழிகாட்டுதல்' என்ற சொல்லைப் பயிற்சிகளில் நிறையக் கேட்டிருப்பீர்கள். அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகவே இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறோம்.

ஜூடி பாக்கா என்பவர் ஒரு பெண் ஓவியர். 1946-இல் பிறந்தவர். மெக்சிகோவைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். அம்மா வேலைக்குப் போக, சின்ன வயதில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். 1970 வாக்கில், நகரத்தின் கிழக்கே பாயில் ஹைட்ஸ் பகுதிப் பூங்காக்களில் ஓவியம் சொல்லித் தரும் வேலை அவருக்கு. அங்கே தெருவுக்குத் தெரு இளைஞர் கோஷ்டிகள் இருந்தன. சுவரில் பேர் எழுதுவது "இது எங்க ஏரியா, உள்ளே வராதே" என்ற எச்சரிக்கை. ஒரு கோஷ்டிப் பையன் அடுத்த கோஷ்டியின் தெருவில் கால் வைத்தால் அடிதடிதான்; உயிர் போவதும் உண்டு.

பாக்கா அந்தப் பையன்களைத் திருத்தப் போகிறேன் என்று கிளம்பவில்லை. அவர்கள் சுவரில் எழுதுவதையும் உடம்பில் பச்சை குத்துவதையும் கவனித்தார். இவங்களுக்குப் பேசத்தெரிந்த பாஷை இதுதான் என்று புரிந்துகொண்டார். ஒன்றுக்கொன்று பகையான நாலு கோஷ்டிகளிலிருந்து இருபது பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தார். அதன் பெயருக்குத் தமிழில் 'புதிய பார்வைகள்' என்று பொருள்.

முதலில் என்ன வரைந்தார்கள் தெரியுமா? ஹாலன்பெக் பூங்காவில் கச்சேரி மேடையின் உட்சுவரில் ஒரு பாட்டி, வாங்க என்று அணைப்பதுபோல இரண்டு கையையும் விரித்திருக்கிறார். படத்தின் பெயர் 'என் பாட்டி'. கோஷ்டி எதுவானாலும் வீட்டில் ஒரு பாட்டி உண்டே! அந்தப் படத்தின் காலடியில் ஊர் மக்கள் பூவும் மெழுகுவத்தியும் வைத்தார்களாம். முறையான அனுமதி இல்லாமல் தொடங்கிய வேலை அது. புகார் போய், அதிகாரி வந்து பார்த்தார். பகையாளிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெயின்ட் அடிப்பதைப் பார்த்தவர், தடுக்காமல் அனுமதி கொடுத்தார்.

1974-இல் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டத்தைப் பாக்கா நடத்தத் தொடங்கினார். சில படங்களில் மக்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதல் இடம்பெற்றது. அதை எடுக்காவிட்டால் பணம் நிறுத்தப்படும் என்று நகர நிர்வாகம் சொன்னது. பாக்கா படத்தை அழிக்கவில்லை, வேலையை விட்டார். 1976-இல் வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து 'ஸ்பார்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் அலுவலகம் இயங்குவது ஒரு பழைய போலீஸ் ஸ்டேஷனில்! பணம் தருகிறவர் சொல்வதைத்தான் வரைய வேண்டுமா என்ற கேள்வி இந்த வேலையில் எப்போதும் வரும். முதல் நாளே பேசி முடித்துவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

அதே 1976 கோடையில்தான் பெரிய வேலை ஆரம்பமானது. நகரத்தின் வடக்கே துஹுங்கா என்ற ஆற்றை வெள்ளத் தடுப்புக்காக கான்கிரீட் வாய்க்காலாக்கி இருந்தார்கள். அதைத் தரையில் விழுந்த தழும்பு என்றும், படத்தை அந்தத் தழும்பின் மேல் குத்திய பச்சை என்றும் பாக்கா சொல்வார். முதல் கோடையில் 80 இளைஞர்கள், 1,000 அடி நீளம். 1983 வரை ஐந்து கோடைகளில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்து 2,754 அடி நீளத்துக்கு வரைந்து முடித்தார்கள். உயரம் 13 அடி. இதில் பலர் போலீஸ், கோர்ட் என்று அலைந்து வந்தவர்கள். எல்லோருக்கும் கூலி உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளையிடம் "சேவையா செய்" என்று சொன்னால் எத்தனை நாள் வருவான், சொல்லுங்க?

வேலை நடந்த விதம் இப்படி. எடுத்ததும் யாருக்கும் பிரஷ் கொடுக்கவில்லை. சரித்திர ஆசிரியர்கள் வந்து பேசினார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் "உங்க காலத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பள்ளிப் புத்தகத்தில் இல்லாத சங்கதிகள் வெளியே வந்தன: 1930-களில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை ரயிலேற்றி நாடு கடத்தியது, இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சாவளியினரை முகாமில் அடைத்தது. அதிலிருந்து சின்னச் சின்னப் படங்கள் போட்டு, விவாதித்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு, தாளில் உள்ள படத்தைச் சுவருக்குப் பெரிதாக்க வேண்டும். தாளிலும் சுவரிலும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தில் இருப்பதையும் அதே கட்டத்தில் வரைய வேண்டும். நம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரிதான். புள்ளி தப்பினால் கோலம் போச்சு. அடி, அங்குலக் கணக்கு தெரியாமல் இது முடியாது. பள்ளிக்கூடத்தில் மனசு ஒட்டாத பிள்ளைக்கும் கணக்கு அங்கே தேவைப்பட்டது. கோடு போட்டு, அடிவண்ணம் பூசி, அதன்மேல் நிறம் கொடுத்து, கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. ஒரு பகுதியை ஒரு அணி முடிக்கும். தனி ஆள் பேர் எடுக்க வழியில்லை. பெரியவர்கள் வரைந்துவிட்டுப் பிள்ளைகளை நிறம் அடிக்க மட்டும் விட்டிருந்தால் இதை வழிகாட்டுதல் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

பெண்களுக்கான ஒரு காட்சியும் உண்டு. போர்க்காலத்தில் ஆண்கள் ராணுவத்துக்குப் போனதால் தொழிற்சாலையில் பெண்கள் வேலை பார்த்தார்கள். போர் முடிந்ததும் "வீட்டுக்குப் போங்க" என்றாகிவிட்டது. அந்தப் பெண்ணை ஒரு டெலிவிஷன் பெட்டி தொழிற்சாலையிலிருந்து உறிஞ்சி இழுத்து வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதுபோல வரைந்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு சட்டென்று புரியாது.

வெயிலிலும் தண்ணீரிலும் நிறம் மங்கியதால் 2011-இல் சுவரைச் சீர்செய்தார்கள். 2017-இல் அது அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் சேர்ந்தது. படம் 1950-களோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகான வருஷங்களையும் வரைவதற்கு 2021-இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. எழுபத்தைந்து வயதில் பாக்கா மறுபடியும் ஒரு குழுவோடு அந்த வேலையில் இறங்கினார்.