சிவகாசி நிலத்தடி நீரும் குழந்தைகளின் தைராய்டும்: ஓர் ஆய்வின் மதிப்பை எதை வைத்து அளப்பது?

"200 பேப்பர் போட்டிருக்கார், எச்-இண்டெக்ஸ் 40" என்று ஒரு மருத்துவ ஆய்வாளரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? பட்டாசுத் தொழில் நடக்கும் விருதுநகர் மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

எச்-இண்டெக்ஸ் என்றால் என்ன?

ஒருவரின் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு மேற்கோள். குறைந்தது 40 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 40 இருந்தால் எச்-இண்டெக்ஸ் 40. 2005-ல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் கொண்டுவந்த அளவுகோல் இது. குழந்தைகள் நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் போன்ற சிறிய துறைகளில் கட்டுரை எழுதுபவர்களே குறைவு. அதனால் மேற்கோளும் குறைவாகத்தான் வரும். இதய நோய், புற்றுநோய் துறைகளோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

சிவகாசியில் என்ன கண்டுபிடித்தார்கள்?

2013-ல் ஜப்பானிய ஆய்வாளர் தொமோஹிகோ இசோபே உள்ளிட்ட குழு சிவகாசி, மதுரை பகுதித் தண்ணீரைச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டது. அவர்கள் தேடியது பெர்குளோரேட். பட்டாசு எரிய ஆக்சிஜன் கொடுக்கும் வேதிப்பொருள் இது. தண்ணீரில் எளிதில் கரையும்.

* சிவகாசியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17-ல் அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அப்போதைய வழிகாட்டு அளவை (லிட்டருக்கு 15 மைக்ரோகிராம்) தாண்டியிருந்தது.
* அதிகபட்ச அளவு 7,690 மைக்ரோகிராம். அதாவது 500 மடங்குக்கும் மேல்.
* மதுரை மாதிரி எதுவும் அந்த அளவைத் தாண்டவில்லை.

குழந்தைகளுக்கு ஏன் கவலை?

தைராய்டு சுரப்பி ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேண்டும். அயோடின் உள்ளே போகும் வழியை பெர்குளோரேட் அடைத்துக்கொள்ளும். கருவிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும் மூளை வளர்ச்சிக்கு இந்த ஹார்மோன் ரொம்ப முக்கியம். அயோடின் குறைவாகச் சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு அளந்தது தண்ணீரைத்தான், குழந்தைகளை அல்ல. அதை வைத்து 'சிவகாசிக் குழந்தைகளுக்குத் தைராய்டு பாதிப்பு' என்று சொல்லிவிட முடியாது. உடல்நல பாதிப்பைத் தனியாக ஆராய வேண்டும் என்றுதான் அந்தக் கட்டுரையே சொன்னது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

* குழந்தை பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் குதிகாலில் சில துளி ரத்தம் எடுத்து டிஎஸ்எச் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 5 நகரங்களில் 1 லட்சத்துக்கும் அதிகமான பச்சிளம் குழந்தைகளைப் பரிசோதித்ததில், சுமார் 1,130 பேரில் ஒருவருக்குப் பிறவித் தைராய்டு குறைபாடு இருந்தது. முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.
* அயோடின் கலந்த உப்பையே பயன்படுத்துங்கள்.
* தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பெர்குளோரேட் போகாது. ஆர்.ஓ. முறையில் பெருமளவு நீக்கலாம்.

அப்போ எது உண்மையான மதிப்பு?

ஒரு கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள் என்பதைத்தான் மேற்கோள் எண்ணிக்கை காட்டும். அதைப் படித்து ஒரு கிணற்றுத் தண்ணீர் சோதிக்கப்பட்டதா, ஒரு குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை நடந்ததா என்பதை அது காட்டாது. பட்டாசு ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் குடும்பத்துக்குத் தேவை அந்த இரண்டாவது கணக்குதான்.