‘திராவிடர்’ என்ற பெயரும் ஒரு கணினி விளையாட்டும்

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற வரலாற்றுப் போர் உத்தி விளையாட்டில் 2013 முதல் ‘இந்தியர்’ என்ற ஒரே அணிதான் இருந்துவந்தது. 2022 ஏப்ரலில் வெளியான ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் அதற்கு மாற்றாக இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் ஆகிய நான்கு அணிகளைத் தந்தது. ராஜேந்திர சோழனின் படையெடுப்புகளும் அதில் இடம்பெற்றன.

இதனை வரவேற்ற ஆட்டக்காரர்களில் பலர் ‘திராவிடர்’ என்ற பெயரை ஏற்கவில்லை. கால்டுவெல்லின் 1856ஆம் ஆண்டு நூலால் பரவலான மொழிக்குடும்பப் பெயர் அது. சோழர் காலப் பேரரசு எதனுடைய பெயரும் அல்ல. அவ்வணியின் வீரர்கள் பேசுவது தமிழ். கன்னடரையும் தெலுங்கரையும் அதற்குள்ளேயே அடக்குவது மூவருக்குமே பொருந்தாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

குதிரைப்படை பலவீனமானது என்பது மற்றொரு குறை. கடல்வழியே குதிரைகளை இறக்குமதி செய்த தென்னகத்துக்கு அது பொருத்தமே எனினும், களத்தில் தோற்பவருக்கு வரலாறு ஆறுதல் தராது. பின்னர் வந்த திருத்தங்கள் அவ்வணிக்கு ஓரளவு வலுச்சேர்த்தன.