பணம் மாணவருடையது, கட்டளை யாருடையது?

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த இத்தாக்கா நகரத்துக் கார்னெல் ஸர்வகலாசாலையில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் தேதி ஓர் உத்தரவு பிறந்தது. மே மாதம் 7-ஆம் தேதி நடைபெறவிருந்த வருஷாந்தர இசைவிழாவில் பாடுவதற்கென்று மாணவர் குழு ஏற்பாடு செய்திருந்த கெஹ்லானி என்னும் பாடகர் பாடக்கூடாதென்று ஸர்வகலாசாலைத் தலைவர் மைக்கேல் காட்லிகாஃப் தடுத்துவிட்டார். ஒரு பாடகர் பாடாமற் போனதால் உலகம் முழுகிவிட்டதா என்று நேயர்கள் கேட்கலாம். முழுகிவிடவில்லைதான். ஆயினும் வரி கொடுப்பவனைக் கேளாமல் அவன் பணத்தைப் பற்றி முடிவு செய்யலாமா என்னும் பழைய வழக்கு அந்த உத்தரவினுள் அடங்கிக் கிடக்கிறது. 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் வீசியெறிந்த தேசத்திலே இவ்வழக்கு மறுபடியும் எழுந்திருப்பது கவனிக்கத்தக்கது.

விழா நடக்குமிடம் ஒரு புற்சரிவு. மேலே புத்தகசாலையும் மணிக்கூண்டும் நிற்க, அவற்றின் அடியிலிருந்து மேற்கு நோக்கிச் செங்குத்தாக இறங்குகிறது அந்நிலம். புத்தகசாலையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி மாணவர்கள் அதனை ‘லைப் சரிவு’ என்றழைக்கிறார்கள். வருஷத்துப் பாடங்கள் முடிவுற்றுப் பரீட்சைகள் தொடங்குமுன் ஆயிரக்கணக்கானோர் அங்கே கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். ‘சரிவு தினம்’ என்பது அதன் பெயர். இதற்காகும் செலவு ஏதோ தனவந்தர் அளித்த தர்மமன்று. பட்டப்படிப்பு மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் செலுத்தும் மாணவர் காரியக் கட்டணத்திலிருந்து வருகிறது. அக்கட்டணத்தின் அளவையும் பங்கீட்டையும், மாணவரே தேர்ந்தெடுத்த சபை இரண்டாண்டுக்கொரு முறை பரிசீலிக்கிறது. அதில் ஒரு பங்கைப் பெறும் மாணவர் குழுவொன்று, யாரை அழைப்பது, என்ன சன்மானம் கொடுப்பது என்பனவற்றை ஆராய்ந்து ஏற்பாடு செய்கிறது. இருபது வயதுப் பிள்ளைகள் வரி விதித்துக்கொண்டு, வரவு செலவுத் திட்டம் போட்டு, ஒப்பந்தம் பேசிப் பழகுகிறார்கள். எந்த வகுப்பறையிலும் கிடைக்காத அரசியல் பாடம் இது என்று நாம் கருதுகிறோம்.

இவ்விழாவின் வரலாறு முழுதும் மெச்சத்தக்கதென்று நாம் சொல்ல வரவில்லை. 1901-இல் விளையாட்டுச் சங்கத்திற்குப் பணந்திரட்ட வேண்டி ‘வசந்த தினம்’ என்ற பெயரால் மாணவர் தொடங்கிய கேளிக்கைக்கு இது பேரன் முறையாகும். பிற்காலத்தில் பாட்டோடு பீரும் சேர்ந்து ஓடிற்று. 1985 டிசம்பரில் நியூயார்க் ராஜ்யம் மது வாங்கும் வயதைப் பத்தொன்பதிலிருந்து இருபத்தொன்றாக உயர்த்தியது. நிர்வாகிகள் விழாவைச் சரிவிலிருந்து அப்புறப்படுத்த முயல, ‘சரிவை மீட்போம்’ என்ற கோஷத்தோடு மாணவர்கள் திரண்டார்கள். மதுவிலக்கை விரும்பும் நாம் அந்தக் கோஷத்தைக் கேட்டுப் பூரிப்படைய முடியாது. புட்டியைப் பிடித்துக்கொள்வதற்காகச் சுதந்தரத்தின் பெயரைச் சொன்னவர்கள் அந்தப் பெயருக்குப் பெருமை தேடவில்லை. ஆனால் நிர்வாகிகள் செய்ததும் விவேகமன்று. அவர்கள் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்ட பின் சரிவிலே மதுதான் எஞ்சியது. 2003-ஆம் ஆண்டு முதல் வேலி கட்டி, அடையாளம் பார்த்து உள்ளே விட்டு, மேடை போட்டு, பாட்டை நடுநாயகமாக்கிய பிறகே விழாவுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மாணவரைத் தள்ளிவைத்தபோது வராத ஒழுங்கு, மாணவர் கையிலே காரியத்தைக் கொடுத்தபோது வந்தது.

அவர்கள் தேர்வும் சோடை போனதென்று சொல்வதற்கில்லை. 2013-இல் கெண்ட்ரிக் லமார் என்ற இளைஞரைச் சரிவுக்கு அழைத்தார்கள். ஐந்தாண்டு கழித்து, 2018-இல், அவருடைய இசைத்தொகுப்புக்குப் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. மேல்நாட்டுச் சாஸ்திரீய சங்கீதமும் ஜாஸும் அல்லாத ஒரு படைப்புக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பரிசுக் குழுவின் பண்டிதர்கள் 2018-இல் கண்டதை மாணவர் முன்னரே கண்டுகொண்டார்களென்று சொன்னால் மிகையாகாது.

இனி 2025-ஆம் ஆண்டுத் தகராறுக்கு வருவோம். 2023 அக்டோபரில் தொடங்கிய காஸா யுத்தத்தில் கெஹ்லானி பாலஸ்தீனியர் பக்கம் நின்று பகிரங்கமாகப் பேசியவர். 2024-இல் அவர் வெளியிட்ட ஒரு பாட்டுப் படத்தில் ‘இன்டிபாடா’ எழுச்சியை வாழ்த்தும் வாசகம் காணப்பட்டது. யூத மாணவருள்ளும் அவர்களை ஆதரிப்போருள்ளும் பலர் இதனால் மனம் புண்பட்டு ஆட்சேபித்தார்கள். யூத விரோதமும் இஸ்ரேல் விரோதமுமான கருத்துக்களை அவர் பரப்பியிருக்கிறார் என்பதும், எந்தக் கலைஞருக்கும் தம் கருத்தைக் கூற உரிமையுண்டெனினும் இந்தத் தினம் மாணவரை ஒன்றுசேர்க்க ஏற்பட்டதேயன்றிப் பிரிக்க ஏற்பட்டதன்று என்பதும் தலைவரின் வாதம். தாம் யூதருக்கு விரோதியல்லவென்றும், இனக்கொலையையே எதிர்ப்பதாகவும் கெஹ்லானி பதிலுரைத்தார்.

ஆட்சேபித்தோரின் மனக்கலக்கத்தை நாம் எள்ளி நகையாடத் தயாராயில்லை. 2023 அக்டோபரில் அதே ஸர்வகலாசாலையில் யூத மாணவரைக் கொல்வதாக மிரட்டி எழுதிய மாணவர் ஒருவர் கைதாகி, மறு ஆண்டு இருபத்தொரு மாதச் சிறைத் தண்டனை அடைந்தார். அத்தகைய அச்சத்தின் நடுவே வாழ்ந்தவர்கள் ஒரு வாசகத்தைக் கண்டு நடுங்கினால் அதில் வியப்பில்லை. மேலும் அவர்களும் அதே கட்டணத்தைக் கட்டாயமாகச் செலுத்தியவர்கள். தமக்கு விரோதமென்று தாம் கருதும் குரலுக்குத் தம் பணமே செல்வதா என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

இக்கேள்வி அமெரிக்காவுக்குப் புதிதன்று. விஸ்கான்ஸின் ஸர்வகலாசாலை மாணவர் சிலர் இதே குறையோடு வழக்காட, 2000-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. கட்டணம் கட்டாயமாயிருப்பதில் பிழையில்லை, ஆனால் அதைப் பங்கிடும்போது எந்தக் கொள்கைக்கும் சார்பாகவோ எதிராகவோ நடக்கக் கூடாது என்பது அதன் சாரம். கார்னெல் தனியார் ஸ்தாபனமாதலால் அத்தீர்ப்பு அதனைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது மெய்யே. ஆயினும் சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் நியாயத்திற்கு வேலையில்லையென்று யார் சொன்னது?

ஆட்சேபம் எழுந்தவுடன் அது மாணவர் சபையின் முன் வந்திருக்க வேண்டும். இரு தரப்பாரும் பேசி, வோட்டெடுத்து, வேறொருவரை அழைக்க அவர்களே முடிவு செய்திருந்தால் நமக்குச் சொல்ல ஒன்றுமிராது. தேர்தலில் வந்த சபை தவறு செய்தால், தவறைத் திருத்தவும் அச்சபைக்கே முதலுரிமை. மாறாக, மாணவர் வோட்டுக்குக் கட்டுப்படாத ஒருவரிடமிருந்து முடிவு இறங்கி வந்தது. அந்த ஏப்ரல் மாதத்திலேதான் அமெரிக்க அரசாங்கம் கார்னெலுக்குரிய நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையை நிறுத்தி வைத்ததாகச் செய்தி வந்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஸர்வகலாசாலை சமரசம் செய்துகொண்டு, அரசாங்கத்துக்கு மூன்று கோடி டாலரும், விவசாய ஆராய்ச்சிக்கென மற்றொரு மூன்று கோடியும் கொடுக்க ஒப்பியது. தலைவரின் உள்ளத்திலிருந்தது இன்னதென்று நாம் ஜோஸ்யம் கூறப்போவதில்லை. ஆனால் பெரும் பணம் கொடுப்பவனின் முகக்குறிப்பைப் பார்த்து நடக்க வேண்டிய நிலையிலுள்ள ஒரு ஸ்தாபனத்தில், சிறு பணம் கொடுக்கும் மாணவனின் குரல் எவ்வளவு தூரம் எட்டுமென்பதை நேயர்களே நிதானிக்கலாம்.

பாடகரை மாற்றலாம், விழாவையும் நடத்தலாம். கட்டணச் சீட்டு அடுத்த பருவத்திலும் ஒவ்வொரு மாணவன் கைக்கும் வரும். தேர்வை நிராகரிக்கும் அதிகாரம் தலைவருக்கு உண்டா, உண்டெனில் என்ன காரணத்துக்காக, யாரைக் கலந்துகொண்டு என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பின்னரே மாணவர் சபை அடுத்த முறை அக்கட்டணத்துக்கு வோட்டளிக்க வேண்டும்.